புதுசா மாத்தியும் ஒழுகுற பிரேக்... வண்டி நிற்கவே கூடாதுன்னு நினைச்ச டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரின் கதை!

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில், பத்து கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடும் ஊர் திருவரங்குளம். அங்கே எங்க பெரியப்பா வீட்டு வாசலில் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர் நிற்கிறது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று குடும்பத்தின் பாதி வரலாறு அந்த வண்டியில்தான் நடந்திருக்கிறது.

போன மாதம் அதில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. புதுசு வாங்கி மாட்டியாச்சு. மூணாவது நாள் காலையில் பார்த்தால், வண்டிக்குக் கீழே சிமென்ட் தரையில் ஈரம். புதுசும் ஒழுகுது! கடைக்காரர் ஏமாத்திட்டார், டூப்ளிகேட் சரக்கு என்று வீட்டில் ஒரே பேச்சு. எந்தக் கடை, பெட்டியில் என்ன பெயர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அது ஏன் என்பது கட்டுரையின் கடைசியில் உங்களுக்கே புரியும்.

ஒரு சின்ன உதிரிபாகம் சரியில்லை என்றால் ஒரு முழு வண்டியே நின்றுபோகிறது. இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்து, அதையே தன் தொழிலாக மாற்றிக்கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர் பஸ் ஓட்டத் தொடங்கியது வேறு எங்கோ இல்லை, இதே புதுக்கோட்டைச் சீமையில்தான். அவர் யார், பிரேக்குக்கும் அவர் பெயருக்கும் என்ன சம்பந்தம், புதுசா மாட்டிய மாஸ்டர் சிலிண்டர் ஏன் ஒழுகுகிறது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த சுந்தரம் அய்யங்கார்?

திருச்சியில் டி.வி.எஸ். டோல்கேட் என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. மதுரையில் டி.வி.எஸ். நகர் இருக்கிறது. தினமும் லட்சம் பேர் சொல்கிற இந்த மூன்று எழுத்தில் முதலில் இருப்பது ஒரு ஊரின் பெயர், திருக்குறுங்குடி. கடைசியில் இருப்பது அந்த மனிதரின் பெயர், சுந்தரம்.

1877-ம் ஆண்டு மார்ச் 22-ம் தேதி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடியில் பிறந்தார். நூற்றியெட்டு திவ்ய தேசங்களில் ஒன்றான நம்பி கோயில் இருக்கும் ஊர் அது.

தொடக்கத்தில் அவருக்கும் மோட்டாருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சட்டத் துறையில் தொடங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை. அதன்பின் வங்கியில் வேலை. அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பையன் ஒருவன் கனவு காணக்கூடிய மூன்று நாற்காலிகளிலும் அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டார். மூன்றிலிருந்தும் எழுந்து வந்தார்.

1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனம் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 34. பாதுகாப்பான சம்பளத்தை விட்டுவிட்டு, சாலையே சரியாக இல்லாத ஊர்களில் பஸ் விடப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் அன்றைக்கு ஊர் என்ன நினைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

ஏன் புதுக்கோட்டை?

1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியது. மதுரை அவருடைய தலைமையிடமாக வளர்ந்தது.

தஞ்சாவூர் சரி. புதுக்கோட்டையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? வரைபடத்தையும் ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். 1948-ல்தான் இந்திய யூனியனோடு இணைந்தது. சுற்றிலும் இருந்த திருச்சி, தஞ்சாவூர், மதுரை எல்லாம் பிரிட்டிஷ் ஆட்சியின் சென்னை மாகாணம். அந்த ஊர்களுக்கெல்லாம் 19-ம் நூற்றாண்டிலேயே ரயில் வந்துவிட்டது. நடுவில் இருந்த புதுக்கோட்டைக்கு மட்டும் வரவில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-ல்தான்.

அதாவது 1912-ல் திருவரங்குளத்திலிருந்து ஒருவர் தஞ்சாவூர் போக வேண்டும் என்றால் மாட்டு வண்டி, குதிரை வண்டி, இல்லையென்றால் நடை. ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்கு, ரயில் எங்கே இருக்கிறது என்பதோடு எங்கே இல்லை என்பதும் தெரிந்திருக்கும். ரயில் விட்ட இடைவெளியை பஸ் நிரப்பியது.

பஸ் ஓட்டுவது அல்ல, நிற்காமல் ஓட்டுவது

பஸ்ஸை வாங்கி விட்டுவிடுவது யாரும் செய்யக்கூடியது. அதை நிற்காமல் ஓட்டுவதுதான் கஷ்டம். வண்டி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். அதன் உதிரிபாகமும் கப்பலில்தான் வர வேண்டும். சாலை என்பது பெரும்பாலும் மண்ணும் கப்பியும். ஒரு சின்ன பாகம் உடைந்தால் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், இந்த பஸ்ஸை நம்பிப் போக முடியாது என்று பயணிகள் முடிவு பண்ணிவிடுவது.

கூட்டம் சேர்ந்த பிறகே வண்டியை எடுப்பது என்பது அன்றைக்கு சாதாரணம். சுந்தரம் அய்யங்காரின் பஸ்கள் அதற்கு நேர்மாறாகப் பெயர் வாங்கின. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து கடிகாரத்துக்கு மணி வைப்பார்கள் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வதுண்டு.

இன்னொரு கதையும் உண்டு. மாட்டின் காலில் அடிக்கும் லாட ஆணிகள் சாலையெல்லாம் சிதறிக் கிடக்கும். பஸ் டயருக்கு அதுதான் எமன். அந்த ஆணிகளைப் பொறுக்கி எடுக்க, காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டினார் என்று சொல்வார்கள். பஞ்சரை ஒட்டுவதற்கு ஆள் வைப்பதைவிட, பஞ்சர் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம். அவருடைய தொழில் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

அதன் தொடர்ச்சியாகவே மற்ற தொழில்களும் வந்தன. பஸ்ஸும் லாரியும் ஓட்ட சதர்ன் ரோட்வேஸ். தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போட ரீட்ரெடிங் தொழிற்சாலை. உதிரிபாகம் விற்க மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். கார் விற்க சுந்தரம் மோட்டார்ஸ். 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன வண்டிகளின் மிகப் பெரிய விநியோகஸ்தராக சுந்தரம் மோட்டார்ஸ் இருந்தது.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பணக்காரர் கைக்குக் கிடைத்த தொழிலையெல்லாம் செய்தது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் எல்லாமே ஒரே கேள்விக்கான பதில்தான். வண்டி எதனால் நிற்கிறது? டயரால் நின்றால் டயர் வேலை. பாகம் கிடைக்காமல் நின்றால் பாகம் விற்பனை. பழுதால் நின்றால் பட்டறை.

பெட்ரோல் இல்லாத காலம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. இந்த முறை வண்டி நிற்பதற்குக் காரணம் எரிபொருள்.

அதற்கும் ஒரு வழி கண்டார். அதுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். கரியில் ஓடும் பஸ்! இது எப்படி வேலை செய்யும்? வண்டியோடு ஒரு உலைக்கலம் பொருத்தப்படும். அதில் அடுப்புக்கரியை, போதிய காற்று விடாமல் எரிப்பார்கள். முழுசாக எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிளம்பும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலாக இன்ஜினுக்குள் அனுப்புவார்கள்.

பெட்ரோல் அளவுக்கு இழுவை இருக்காது. மேட்டில் திணறும். காலையில் உலையைப் பற்றவைத்துக் காத்திருக்க வேண்டும். சாம்பலைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனாலும் வண்டி ஓடியது. போர்க்காலத்தில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்களுக்கு அதுதானே முக்கியம்?

வீட்டுக்குள் வந்த சோதனை

பிசினஸில் எல்லாவற்றுக்கும் வழி கண்டவருக்கு வீட்டுக்குள் ஒரு பெரிய சோதனை வந்தது. அவருடைய மகள் சௌந்தரம், 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் ஒரு டாக்டர். 1925-ல் அவர் பிளேக் நோயில் இறந்துபோனார். சௌந்தரத்துக்கு அப்போது இருபதைத் தாண்டி ஓரிரு வயதுதான்.

அந்தக் காலத்து அய்யங்கார் வீட்டில் இளம் விதவை என்றால் வாழ்க்கை அதோடு முடிந்தது என்று அர்த்தம். சௌந்தரம் முடித்துக்கொள்ளவில்லை. டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். அங்கே காந்தியின் வட்டத்தில் அறிமுகமானவர் ஜி.ராமச்சந்திரன். விதவை மறுமணம், அதுவும் வேறு சாதி. பெற்றோருக்கு முதலில் சம்மதமில்லை. இருவரையும் ஓராண்டு பிரிந்திருந்து யோசிக்கச் சொன்ன காந்தி, 1940-ல் அவர்களின் திருமணத்துக்கு ஆசி வழங்கினார்.

பின்னாளில் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்கள் இந்த இருவரும்தான். பஸ் முதலாளியின் பெயரைப் பலருக்குத் தெரியும். டாக்டர் சௌந்தரம் அவருடைய மகள் என்பது பலருக்குத் தெரியாது. எல்லா வண்டியையும் ஓடவைத்தவரால், வீட்டில் ஒரு மாற்றத்தை உடனே ஏற்க முடியவில்லை. அவர் கதையில் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

அப்போ பிரேக் எங்கே வந்தது?

1955 ஏப்ரல் 28-ம் தேதி, கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். வயது 78. தொழிலை மகன்கள் நடத்தினார்கள்.

அப்போது நாட்டில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்கும் கார் கம்பெனிகள், இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும் என்று 1953-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டும் கடையைக் கட்டின. விற்பதற்கு வெளிநாட்டு வண்டி இல்லை. ஆனால் உள்நாட்டில் தயாராகும் வண்டிக்குப் பாகம் வேண்டும்.

அப்பா பஸ்ஸிலிருந்து உதிரிபாக விற்பனைக்கு வந்தார். மகன்கள் விற்பனையிலிருந்து தயாரிப்புக்குப் போனார்கள். 1960-ல் வீல்ஸ் இந்தியா. 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, அதே ஆண்டு சுந்தரம் கிளேட்டன். இதில் பிரேக்ஸ் இந்தியா, பிரிட்டனின் லூகாஸ் குழுமத்தின் கிர்லிங் தொழில்நுட்பத்தோடு ஹைட்ராலிக் பிரேக் தயாரித்தது. சுந்தரம் கிளேட்டன், லாரி, பஸ்ஸுக்கான ஏர் பிரேக் பக்கம் போனது. இரண்டுக்கும் இடம் சென்னை பாடி.

வண்டி நிற்கக் கூடாது என்று ஒருவர் தொடங்கிய தொழில், அவர் போய் ஏழே ஆண்டில், வண்டியைச் சரியாக நிறுத்தும் தொழிலாகவும் மாறியது. அவர் 1912-ல் பஸ் விட்டபோது வண்டிகளில் கம்பியும் கேபிளும் இழுத்துப் பிடிக்கிற பிரேக்தான் இருந்தது. ஹைட்ராலிக் பிரேக்குக்கான காப்புரிமையை அமெரிக்காவின் மால்கம் லோக்ஹீட் வாங்கியது அதற்குப் பிறகுதான். அவருடைய ஆரம்பகால பிரேக்கிலும் பெரிய பிரச்னை ஒழுகல்தான். 1924-ல் கிறைஸ்லர் கார் வந்தபோது, தோல் அடைப்பானுக்குப் பதில் ரப்பர் கப் போட்டு அதைச் சரிசெய்தார்கள். அந்த ரப்பர் கப்தான் இன்றைக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உயிர்.

சரி, புது மாஸ்டர் சிலிண்டர் ஏன் ஒழுகுது?

நீங்கள் பிரேக்கை மிதித்ததும், மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் முன்னே போய் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் தள்ளும். பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழிதான். எங்கே ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போகும். அதனால் ஒழுகல் தெரிந்தால், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே கூடாது.

முதலில், எங்கே ஒழுகுது என்று பாருங்க. சிலிண்டரையும் குழாய்களையும் துணியால் நன்றாகத் துடைத்து உலரவிடுங்க. ஒருவர் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்க்கட்டும். ஈரம் வந்த இடம்தான் குற்றவாளி. பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்க.

குழாய் இணைப்பில் ஈரம் என்றால் பெரும்பாலும் சிலிண்டர் மேல் தப்பில்லை. செம்பு வாஷரைக் கவனியுங்க. ஒருமுறை இறுக்கிய வாஷர் நசுங்கி, கடினமாகிவிடும். அதையே திரும்பப் போட்டால் அடைக்காது. குழாய் முனையின் விரிவும் சிலிண்டருக்குள் இருக்கும் இருக்கையும் ஒரே வடிவமாக இருக்கணும். மரையும் அப்படித்தான். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குல மரை, இப்போது வரும் பாகங்களில் மில்லிமீட்டர் மரை இருக்க வாய்ப்பு உண்டு. ரெண்டு சுற்று ஏறுகிறதே என்று முறுக்கினால் மரை கெட்டுப்போகும்.

பெடல் பக்கம் இருக்கும் ரப்பர் உறைக்குள் ஈரம் என்றால், பின்பக்க ரப்பர் கப் அடைக்கவில்லை என்று அர்த்தம். வருஷக்கணக்கில் கடையில் கிடந்து ரப்பர் காய்ந்திருக்கலாம். சிலிண்டரின் உட்சுவரில் துருவோ கீறலோ இருக்கலாம். பழைய சிலிண்டருக்குப் புது கப் மட்டும் போட்டால் இது அடிக்கடி நடக்கும். விரல் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் சிலிண்டரையே மாற்றுவதுதான் நல்லது.

மேலே ஆயில் தொட்டி உட்காரும் இடத்தில் ஈரம் என்றால் அங்கிருக்கும் ரப்பர் வளையமோ மூடியோ சரியில்லை.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் அழுத்திப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறதா? ஆயில் கப்பைத் தாண்டி சிலிண்டருக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒழுகலும் அதே அளவு ஆபத்து.

அடுத்தது ஆயில். இன்ஜின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் ஒரு சொட்டு கலந்தாலும் பிரேக் ரப்பர் ஊதிப்போகும். புது சிலிண்டரும் சில நாளில் கெட்டுவிடும். மூடியில் அல்லது வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் பிரேக் ஆயிலை மட்டும், சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றுங்க.

கடைசியாக, பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருக்கும் தள்ளுகம்பி. பெடல் மேலே இருக்கும்போது கையேட்டில் சொன்ன சின்ன இடைவெளி இருக்கணும். கம்பி நீளமாக இருந்தால் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது. ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும். ஏர் எடுக்கும்போதும் பெடலை தரைவரைக்கும் ஓங்கி மிதிக்காதீங்க. உபயோகித்த சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத துருப் பகுதிக்குப் போய்க் கிழியும்.

பெரியப்பா கார் என்ன ஆச்சு?

ஆலங்குடியிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன், முதலில் செய்தது துடைத்துப் பார்த்ததுதான். டிஷ்யூ பேப்பர் ஈரமானது குழாய் இணைப்பில். கழற்றிப் பார்த்தால், புது சிலிண்டரோடு பழைய செம்பு வாஷரையே திரும்ப மாட்டியிருக்கிறோம். கடைக்காரர் கொடுத்த பாகத்தில் ஒரு குறையும் இல்லை. மூணு நாளாக நாங்கள் திட்டித் தீர்த்தது தப்பான ஆளை. டூப்ளிகேட் பாகங்கள் சந்தையில் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால், எங்கே ஈரம் என்று பார்த்திருக்கணும்.

புது வாஷர் போட்டு, ஏர் எடுத்து, மறுநாள் காலையில் பார்த்தால் தரை காய்ந்திருந்தது. பெரியப்பா அதன்பிறகும் இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. தினமும் காலையில் குனிந்து தரையைப் பார்த்தார். மூணாவது நாள்தான் புதுக்கோட்டைக்கு ஓட்டிப் போனார்.

சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட காலத்தில் புதுக்கோட்டையில் ரயில் இல்லை, நல்ல சாலை இல்லை, பாகம் கிடைக்காது. இன்றைக்கு எல்லாமே இருக்கிறது. ஆனால் வண்டி எதனால் நின்றது என்று முதலில் தேடிப் பார்க்கும் பழக்கம் மட்டும் காசுக்குக் கிடைக்காது. அவர் வாழ்க்கையிலிருந்து ஒரு பழைய கார் வைத்திருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய வண்டி நின்றால், நாளை காலை சாவியை எடுப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து தரையைப் பார்த்துவிடுங்க.